கண்டக்டர் ஏறிய படிகள்

1940களின் கடைசியில் லண்டன் மாடி பஸ்களில் ஏறி, எங்கும் இறங்காமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்த ஒரு டாக்டர் உண்டு. பெயர் ஜெர்ரி மோரிஸ். அவர் வேடிக்கை பார்க்க ஏறவில்லை. கண்டக்டர் கீழ்த்தளத்தில் டிக்கெட் கொடுத்துவிட்டு வளைந்த படிகளில் மேலே போவார். மேலே எல்லாருக்கும் கொடுத்து முடித்துக் கீழே இறங்குவார். அடுத்த நிறுத்தத்தில் நாலு பேர் ஏறியதும் மறுபடி மேலே. மோரிஸும் அவருடைய சகாக்களும் அந்தப் படிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு வேலை நாளில் ஒரு கண்டக்டர் 500 முதல் 750 படிகள் வரை ஏறுகிறார் என்று கணக்கு வந்தது. அதே பஸ்ஸின் டிரைவரோ ஷிஃப்டில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் உட்கார்ந்தே இருக்கிறார்.

இரண்டு பேரும் ஒரே நிறுவனத்தின் ஆட்கள். வேலைக்கு வருவது ஒரே டெப்போவுக்கு. சம்பளத்திலோ வாழ்க்கைத் தரத்திலோ பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. நாள் முழுக்க ஒரே வண்டியில் ஒரே தெருக்களைச் சுற்றுகிறார்கள். ஒருவர் படி ஏறுகிறார், இன்னொருவர் ஏறுவதில்லை. ஆராய்ச்சிக்காரர் எவரும் இதைவிட நல்ல சோதனையைத் தானாக வடிவமைத்திருக்க முடியாது. பஸ்ஸை வடிவமைத்தவர்கள் தெரியாமலேயே அதைச் செய்து வைத்திருந்தார்கள்.

‘வயசானாலும் நடக்கணும், சும்மா உட்காரக் கூடாது’ என்று இன்று டாக்டரும் சொல்கிறார், குடும்ப வாட்ஸப் குழுவும் சொல்கிறது. கேட்கும்போது ஏதோ ஆதிகாலத்து ஞானம் போல இருக்கும். ஓரளவு அப்படித்தான்; சாப்பாட்டைக் குறை, உடம்பை அசை என்று எல்லா நாட்டு முன்னோர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மருத்துவம் அதை ஆதாரத்தோடு ஏற்றுக்கொண்டது மிகச் சமீபத்தில்தான். அதற்கு முன்னால் பல பத்தாண்டுகள் அது சொன்னது கிட்டத்தட்ட நேர் எதிரான ஒன்று: படுங்கள்.

*

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஒருவருக்கு மாரடைப்பு வந்து பிழைத்துவிட்டால் அவரை ஆறு வாரம் வரை கட்டிலில் கிடத்திவிடுவார்கள். இதயத்தில் காயம் பட்டிருக்கிறது, அது ஆற வேண்டும், அசையக் கூடாது. சாப்பாடு ஊட்டிவிடுவார்கள். 1952இல் அமெரிக்காவில் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லவுனும் நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியபோது அதுவே ஒரு துணிச்சலான காரியமாக இருந்தது. யோசித்துப் பாருங்கள், அன்றைக்கு நாற்காலியே ஒரு புரட்சி.

மாரடைப்புக்காரர்களுக்காவது ஆறு வாரம் என்ற கெடு இருந்தது. வயதானவர்களுக்கு அதுவும் இல்லை. 1935இல் லண்டனுக்கு மேற்கே இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மொத்தம் 714 பேர். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை மார்ஜரி வாரன் என்ற டாக்டருக்கு வந்து சேர்ந்தது. அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒருவருக்கு அது அப்படியொன்றும் விரும்பத்தக்க பதவி அல்ல.

உள்ளே போனால் வரிசை வரிசையாகக் கட்டில்கள். வருடக்கணக்கில் எழுந்திருக்காதவர்கள். பக்கவாதம் வந்தவர், இடுப்பெலும்பு உடைந்தவர், மனம் கலங்கியவர், வெறுமனே வயதானவர் எல்லாரும் ஒரே கூடத்தில் ஒரே பெயரில்: தீராத நோயாளிகள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். அது அதற்கு முன் நடக்காத விஷயம். அப்போது தெரிந்தது, இவர்களில் நிறையப் பேர் நோயினால் படுக்கையில் கிடக்கவில்லை; படுக்கையினால் நோயாளி ஆனவர்கள். காலை மடக்கியே படுத்திருந்து மூட்டு இறுகிப்போயிருந்தது. முதுகில் புண். யாரும் எழுப்பாததால் எழ மறந்துபோயிருந்தார்கள்.

அவர் கூடங்களுக்கு வெளிச்சம் கொண்டுவந்தார், சுவர்களுக்கு வண்ணம் பூசச் சொன்னார், பிடித்து நடக்கக் கம்பிகள் வைத்தார். எழுந்து உட்காரவைத்து, நிற்கவைத்து, நடக்கவைத்தார். கணிசமானவர்கள் வீட்டுக்கே திரும்பிப் போனார்கள். 1943இலும் 1946இலும் இதைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதினார். முதியோர் மருத்துவம் ஒரு தனித்துறை ஆனதன் தொடக்கங்களில் ஒன்று இது. 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற இன்னொரு லண்டன் டாக்டர், படுக்கைக்குப் போவதன் ஆபத்துகள் என்ற பொருளில் ஒரு கட்டுரையே எழுதினார். உறுப்பு உறுப்பாக எடுத்துக்கொண்டு, படுத்தே இருந்தால் நுரையீரலுக்கு என்ன ஆகும், எலும்புக்கு என்ன ஆகும், மனசுக்கு என்ன ஆகும் என்று கேலியும் கோபமுமாகப் பட்டியல் போட்டார்.

ஆக, மோரிஸ் மாடி பஸ்ஸில் ஏறிய காலத்தில் ‘படுக்கை கெடுதல்’ என்று சிலர் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் அசைவு நல்லது என்பதற்கு எண்களோடு நிரூபணம் இல்லை. இரண்டும் ஒன்று அல்ல.

*

மோரிஸ் 1910இல் லிவர்பூலில் பிறந்தவர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். வளர்ந்தது கிளாஸ்கோவில். அப்பா ஹீப்ரு மொழி அறிஞர். பிள்ளைகளை ஊருக்கு வெளியே நாலு மைல் நடக்கக் கூட்டிப்போவார். ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடித்தால் ஐஸ்கிரீம். உடற்பயிற்சி ஆராய்ச்சியின் வரலாற்றில் இந்த ஐஸ்கிரீமுக்கு ஒரு இடம் உண்டு என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப்போரில் ராணுவ மருத்துவராக இந்தியாவில் பணிசெய்தார். அங்கிருந்துகொண்டே நண்பர் ரிச்சர்ட் டிட்மஸுடன் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். நோய் ஏன் சிலரைப் பிடிக்கிறது, சிலரை விடுகிறது, அதற்கும் சமூகத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இருவருக்கும் பேச்சு. இந்தப் பின்னணி முக்கியம். மோரிஸ் உடற்பயிற்சி ஆர்வலராகத் தொடங்கியவர் இல்லை. ஏழ்மையைப் பற்றி யோசித்த ஒரு இடதுசாரி மருத்துவர். 1948இல் சமூக மருத்துவத்துக்கான ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டபோது அதற்குத் தலைவரானார்.

அப்போது பிரிட்டனில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் சாவது வேகமாகக் கூடிக்கொண்டிருந்தது. காரணம் யாருக்கும் தெரியாது. மோரிஸ் குழு தொழில்வாரியாகப் பார்க்க ஆரம்பித்தது. லண்டன் டிரான்ஸ்போர்ட்டின் மருத்துவ அதிகாரி ராஃபிள் ஒத்துழைத்தார். 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 ஆண்கள். முதல் முடிவுகள் 1949இலேயே வந்துவிட்டன. டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் தாமதமாக வருகிறது, உயிரைக் குடிப்பதும் குறைவு. பின்னால் அச்சான கணக்குப்படி ஆண்டுக்கு ஆயிரம் பேரில் டிரைவர்களுக்கு 2.7, கண்டக்டர்களுக்கு 1.9.

இங்கே மோரிஸ் செய்த காரியம்தான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது. அவர் உடனே எழுதவில்லை. வித்தியாசம் படிகளால்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்? லண்டன் போக்குவரத்தில் வண்டி ஓட்டும் பதற்றத்தால் இருக்கலாமே? அதனால் சாலையோ பதற்றமோ இல்லாத வேறொரு தொழிலைத் தேடினார். தபால் துறை கிடைத்தது. நடந்தும் சைக்கிளிலும் போய்க் கடிதம் கொடுக்கும் தபால்காரர்கள் ஒருபுறம்; நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்கள், தொலைபேசி இணைப்பாளர்கள் இன்னொரு புறம். அதே கதைதான் மறுபடி வந்தது. தபால்காரருக்கு மாரடைப்பு குறைவு. அதன்பிறகே, 1953 நவம்பரில், ‘லான்செட்’ இதழில் இரண்டு பகுதிகளாகக் கட்டுரை வெளியானது.

படித்தவர்கள் பலர் நம்பவில்லை. இதயத்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்பது அன்றைக்கு நியாயமான கேள்வி.

*

நம்பாதவர்கள் கேட்டதில் ஒரு கேள்வி கூர்மையானது. படி ஏறுவதால் கண்டக்டர் ஆரோக்கியமாக இருக்கிறாரா, அல்லது ஏற்கெனவே ஆரோக்கியமாக, ஒல்லியாக இருக்கிறவன்தான் கண்டக்டர் வேலைக்குப் போகிறானா? தொந்தியோடு இருப்பவன் மாடிப்படி வேலையைத் தேர்ந்தெடுப்பானா என்ன?

இதற்குப் பதில் தேடி மோரிஸின் குழு போன இடம் யூனிஃபார்ம் தைக்கும் துறை. கம்பெனி எல்லாருக்கும் யூனிஃபார்ம் கொடுக்கிறது. ஆகவே ஒவ்வொருவரின் பேன்ட் இடுப்பளவும் பதிவேட்டில் இருக்கிறது. 1956இல் ‘லான்செட்’டில் ஒரு கட்டுரை வந்தது, யூனிஃபார்ம்களை வைத்து நோயை ஆராய்வது என்று துணைத்தலைப்போடு. எந்த வயதில் பார்த்தாலும் டிரைவரின் இடுப்பு கண்டக்டரின் இடுப்பைவிடப் பெரிது. இளைஞர்களிடமே அந்த வித்தியாசம் இருந்தது. அதாவது சந்தேகப்பட்டவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. ஆட்கள் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் வேறுபட்டவர்கள்தான்.

தன் வாதத்தைப் பலவீனப்படுத்தும் தகவலைத் தானே தேடிப்போய் அச்சிடுவது எல்லாராலும் முடிகிற காரியமல்ல. ஆனால் பேன்ட் கணக்கு அதோடு முடியவில்லை. ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று இடுப்பளவின்படி பிரித்துப் பார்த்தார்கள். ஒல்லி டிரைவரையும் ஒல்லி கண்டக்டரையும் ஒப்பிட்டாலும், பருமனான இருவரை ஒப்பிட்டாலும் திடீர் மரணம் கண்டக்டர்களிடம் குறைவாகவே இருந்தது. தொந்தி ஒரு பகுதி காரணம்தான். மிச்சம் படிகளுடையது.

இந்த ஆராய்ச்சியில் ஒரு எண்ணை எல்லாரும் கடந்துபோய்விடுகிறார்கள்: 64. பதிவு அந்த வயதோடு நின்றுவிடுகிறது, ஏனென்றால் 65இல் ஓய்வு. கண்டக்டருக்கு அந்த 500 படிகளைக் கொடுத்தது அவருடைய மன உறுதியோ ஒழுக்கமோ அல்ல, அவருடைய வேலை. வேலை முடிகிற அன்று படிகளும் முடிந்துபோகின்றன. தோல்பையையும் டிக்கெட் மெஷினையும் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் மறுநாள் காலையில் யார்? முப்பது வருடம் ஏறிய படிகள் அவருக்குள் சேர்ந்து கிடக்குமா? வங்கியில் போட்டுவைத்த மாதிரி?

மோரிஸின் அடுத்த பெரிய ஆராய்ச்சி, ஒரு வகையில், இந்தக் கேள்விக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

*

1960களில் அவருக்கு ஒன்று தெளிவாகியிருந்தது. உடம்பை வருத்தும் வேலைகள் மறைந்துகொண்டிருக்கின்றன. இனி எல்லாரும் டிரைவர்தான். எனவே வேலை நேரத்துக்கு வெளியே மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அரசு அலுவலகங்களில் மேசை வேலை பார்க்கும் 40 முதல் 64 வயது வரையிலான சுமார் 18,000 ஆண்களை 1968 முதல் 1970 வரை சேர்த்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், ஒரு படிவம் மேசைக்கு வரும். போன வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஐந்து ஐந்து நிமிடமாக எழுத வேண்டும். தோட்ட வேலை, கடைக்கு நடந்தது, நீச்சல், சும்மா இருந்தது, எல்லாம்.

முடிவுகள் 1973 முதல் வர ஆரம்பித்தன. மூச்சு வாங்கும் அளவுக்குச் சுறுசுறுப்பான பயிற்சி செய்தவர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைப்போல ஏறக்குறைய பாதிதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது பிற்பாடு, 1990இல் வந்த இன்னொரு தகவல். இளமையில் பந்து விளையாடியவர்கள், கல்லூரி அணியில் இருந்தவர்கள், ‘அந்தக் காலத்துல நான் எப்படி ஓடுவேன் தெரியுமா’ என்பவர்கள், இப்போது ஒன்றும் செய்யாதிருந்தால் அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் மிச்சமில்லை.

அட்லாண்டிக்கின் மறுகரையில் ரால்ஃப் பாஃபன்பார்கரும் இதே சுவரில் முட்டிக்கொண்டிருந்தார். முதலில் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்தார். கடும் உழைப்பாளிகளுக்கு மாரடைப்பு குறைவு. அந்த வேலையைப் பிறகு கன்டெய்னரும் கிரேனும் எடுத்துக்கொண்டன, லண்டன் கண்டக்டரின் வேலை போனதைப் போலவே. அடுத்து ஹார்வர்டில் படித்த 16,936 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்து 1978இல் எழுதினார். கல்லூரியில் விளையாட்டு வீரனாக இருந்து பிறகு உட்கார்ந்துவிட்டவனைவிட, கல்லூரியில் பந்தையே தொடாமல் பிற்காலத்தில் நடக்கவும் ஓடவும் தொடங்கியவன் நல்ல நிலையில் இருந்தான். பாஃபன்பார்கர் தானே 45 வயதில்தான் ஓட ஆரம்பித்தார். அதன்பிறகு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மாரத்தான்களும் அதைவிட நீண்ட ஓட்டங்களும்.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. சேமிப்பு கிடையாது என்பது கசப்பானது. தாமதமாக வந்தவனுக்கும் கதவு திறந்திருக்கிறது என்பது இனிப்பானது. முதியோருக்கான அறிவுரைகள் இரண்டாவதை மட்டும் சொல்லி முதலாவதை விழுங்கிவிடுகின்றன.

*

1966இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸில் இருபது வயது ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களைத் தொடர்ச்சியாக 20 நாட்கள் படுக்கவைத்தார்கள். எழுந்து நடக்கக் கூடாது. மூன்று வாரத்தில் அவர்களுடைய உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் கால்பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது வருடம் கழித்து, 1996இல், அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்தார்கள். இப்போது ஐம்பது வயது. எடை கூடியிருந்தது, உடம்பின் கொழுப்பு இரண்டு மடங்காகியிருந்தது. ஆனாலும் அந்தத் திறனில் முப்பது வருட முதுமை எடுத்துக்கொண்டது, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டதைவிடக் குறைவு. பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று பயிற்சி கொடுத்ததும் இருபது வயதில் படுக்கைக்கு முன் இருந்த அளவைத் திரும்பத் தொட்டார்கள்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்து வீட்டில், எழுபத்தெட்டு வயதில், தரையில் குந்தி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள், கையை ஊன்றாமல் எழுந்திருப்பாள். நாங்கள் பாசமாகத்தான் நகரத்துக்குக் கூட்டிவந்தோம். நல்ல நாற்காலி. தண்ணீர் கைக்கு வரும், காபி கைக்கு வரும். எழுந்தால் ‘நீங்க உக்காருங்க ஆச்சி, நாங்க பாத்துக்கிடுதோம்’. ‘என்னய ஒரு சோலி பாக்க விடமாட்டேங்கியளே’ என்று கொஞ்ச நாள் சண்டை போட்டாள், பிறகு போடவில்லை. ஒரு வருடத்துக்குள் அவளைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. வயசாயிருச்சு, அப்படித்தான் என்று பேசிக்கொண்டோம். வயது ஒரு வருடம்தான் கூடியிருந்தது.

1990இல் பாஸ்டன் நகரின் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாடரோன் என்ற டாக்டர் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். வயது 86 முதல் 96 வரை. எல்லாரும் தளர்ந்தவர்கள், பல நோய்கள் உள்ளவர்கள். அவர்களுக்கு எடை தூக்கும் பயிற்சி. அதுவும் ஒப்புக்குச் சப்பாணியாக அல்ல, காலால் தள்ள முடிகிற உச்ச எடையில் எண்பது சதவீதம் வரை. எட்டு வாரம். ஒன்பது பேர் முடித்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் ஊன்றுகோலைத் தள்ளிவைத்தார்கள். பயிற்சியை நிறுத்தியதும் என்ன ஆனது என்பதையும் பார்த்தார்கள்: நாலே வாரத்தில் வலிமையில் 32 சதவீதம் போய்விட்டது. பத்துப் பேரை வைத்துச் செய்த சின்ன ஆராய்ச்சிதான். ஆனால் தொண்ணூறு வயதுக்காரரின் தசை பயிற்சிக்கு பதில் சொல்லும் என்பதை அதற்கு முன் யாரும் இவ்வளவு பச்சையாகக் காட்டியதில்லை.

*

மறுபடி படி எண்ணும் விஷயத்துக்கு வருவோம். உங்கள் ஃபோனும் கைக்கடிகாரமும் இன்று கேட்கும் பத்தாயிரம் அடிகள் எங்கிருந்து வந்தன? எந்த ஆய்வகத்திலிருந்தும் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு வருடம், 1965இல், யமாசா என்ற ஜப்பானியக் கம்பெனி இடுப்பில் மாட்டும் ஒரு கருவியை விற்றது. அதன் பெயரே ‘பத்தாயிரம் அடி அளவி’ என்றுதான் அர்த்தம். உருண்டையான, வாயில் நிற்கிற எண். கம்பெனி வைத்த பெயர் உலகத்துக்கே மருந்துச்சீட்டு ஆகிவிட்டது.

2019இல் ஹார்வர்டில் ஐ-மின் லீ, பாஃபன்பார்கரோடு முன்பு சேர்ந்து ஆராய்ந்தவர், 16,741 வயதான பெண்களின் அடிகளை எண்ணி வெளியிட்டார். சராசரி வயது 72. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்கள் அந்தக் காலகட்டத்தில் இறப்பது 41 சதவீதம் குறைவு. 7,500 அடிக்கு மேல் போனால் கூடுதல் பயன் தெரியவில்லை. இதிலும் அந்தப் பழைய பேன்ட் கேள்வி உண்டு: நோய் இருப்பவர் நடக்கமாட்டார் அல்லவா? முடிந்தவரை அதைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள், முழுக்க எடுக்க முடியாது. ஆனாலும் மோரிஸ், பாஃபன்பார்கர் எல்லாம் அரை நூற்றாண்டு பெரும்பாலும் ஆண்களையே எண்ணிக்கொண்டிருந்த இடத்தில், எழுபது வயதுப் பெண்களைக் கேட்டது நல்ல காரியம். கிடைத்த எண்ணும் எட்டக்கூடியது. 2,700க்கும் 4,400க்கும் இடையில் இருப்பது, தெருமுனைக் கடைவரை இரண்டு தடவை போய்வரும் தூரம்.

மோரிஸும் இந்த இடத்துக்குத்தான் மெல்ல வந்து சேர்ந்தார். நடுவயதில் அவர், மூச்சு வாங்காத பயிற்சியால் இதயத்துக்குப் பயனில்லை என்று அடித்துச் சொன்னவர். அறுபதுகளில் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் புல்வெளியில் ஞாயிறு காலைகளில் ஓடுவார். பெரிய மனுஷன் ஒருவன் யாரும் துரத்தாமல் ஓடுவதைப் பார்த்து, பைத்தியம் என்று ஜனங்கள் நினைத்தார்களாம். ஆனால் 1997இல், 87 வயதில், ஏட்ரியன் ஹார்ட்மனுடன் சேர்ந்து அவர் எழுதிய நீண்ட ஆய்வுக்கட்டுரை முழுக்க முழுக்க நடையைப் பற்றியது. கருவி வேண்டாம், கற்க வேண்டாம், வயதானவருக்கும் முடியும். 1996இல் உடற்பயிற்சி அறிவியலுக்காக ஒலிம்பிக் கமிட்டி கொடுத்த பரிசை அவரும் பாஃபன்பார்கரும் பகிர்ந்துகொண்டார்கள்.

2005 டிசம்பரில் லண்டனின் 159ஆம் எண் வழித்தடத்தில், கண்டக்டரோடு வழக்கமாக ஓடிய கடைசி பழைய மாடி பஸ் நின்றது. மோரிஸ் எண்ணிய படிகள் அதோடு முடிந்தன. அப்போது அவருக்கு 95 வயது. நீச்சல், வீட்டில் ஒரு மிதிவண்டிக் கருவி, நடை என்று பெரும்பாலான நாட்களில் ஏதாவது ஒன்று. பல்கலைக்கழக அறைக்கும் போய்க்கொண்டிருந்தார்.

அங்கே அவர் செய்துகொண்டிருந்த வேலைதான் இந்தக் கதையில் நான் சொல்ல வந்தது. ‘நடங்க தாத்தா, காய்கறி சாப்பிடுங்க, நாலு பேரோட பேசுங்க’ என்று முதியவர்களுக்குச் சொல்கிறோமே, அப்படி வாழ வாரத்துக்கு எவ்வளவு பணம் ஆகும்? இதை யாராவது கணக்குப் போட்டிருக்கிறார்களா? போடவில்லை. மோரிஸ் போட்டார். ஒரு சிறு குழுவோடு உட்கார்ந்து, அதுவரை வந்த ஆராய்ச்சி முடிவுகளை வைத்து, ஒவ்வொரு நல்ல பழக்கத்துக்கும் விலை எழுதினார். சத்தான சாப்பாட்டுக்கு இவ்வளவு. உடற்பயிற்சிக்கு இவ்வளவு. வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள, வெளியே போய்வர, சுத்தமாக இருக்க, உறவுகளோடும் நண்பர்களோடும் தொடர்பில் இருக்க இவ்வளவு. 1940களில் டிட்மஸுக்குக் கடிதம் எழுதிய அதே ஆள்தான்.

கட்டுரை 2007இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேல் தனியாக வாழும் ஒருவர் ஆரோக்கியமாக இருக்க வாரத்துக்கு 131 பவுண்ட் வேண்டும். தம்பதிக்கு 208 பவுண்ட். அந்த வருடம் தனிநபருக்கு அரசு கொடுத்த அடிப்படை ஓய்வூதியம் 87 பவுண்ட் 30 பென்ஸ்.

அப்போது மோரிஸுக்கு 97 வயது. இன்னும் இரண்டு வருடம் இருந்தார். 2009 அக்டோபர் 28 அன்று, நூறுக்கு ஆறு மாதம் குறைவாக இருக்கும்போது இறந்தார்.